எஞ்சினை இரட்டித்தால் மீன்பிடிப் படகின் வேகம் இரட்டிக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீர்க்கோட்டில் (நீர்மட்டம் படகின் உடம்பைத் தொடும் கோட்டில்) 15 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள விசைப்படகு ஒன்று. சுமையில்லாதபோது அதன் எடை சுமார் 40 டன். டீசல், ஐஸ், குடிநீர், வலை எல்லாம் ஏற்றிக் கிளம்பும்போது 50 டன். வருடத்தின் ஒரு பகுதியில் இழுவலை, மற்றப் பகுதியில் செவுள் வலை, அதாவது மீன் தானே வந்து செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை. இப்போதுள்ள 120 குதிரைத்திறன் எஞ்சின் தேய்ந்துவிட்டதால் அதன் இடத்தில் 240 குதிரைத்திறன் எஞ்சினை வைக்கலாமா, வைத்தால் வேகம் எவ்வளவு கூடும், அதற்குப் பதிலாகப் படகின் எடையைக் குறைத்தால் அதே பலன் கிடைக்குமா என்பதே கேட்கப்பட்டது.

வேகத்தை மட்டும் பார்த்தால் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எஞ்சின் இரட்டித்தால் ஒன்று அல்லது ஒன்றேகால் நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) கூடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வலை இழுக்கும் வேலையைப் பார்த்தால் பதில் வேறு. எடையைப் பற்றிய பதிலோ, எவ்வளவு எடை என்பதைவிட அந்த எடை படகில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றும் ஏன் தனித்தனிப் பதில்களாக நிற்கின்றன என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

நீரை ஒதுக்கிக்கொண்டு ஓடும் எந்தப் படகுக்கும் அதன் நீளமே முதல் எல்லை. படகு நகரும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலை எழுகிறது. அந்த அலை படகின் வேகத்திலேயே கூடவே வருகிறது. ஆழ்கடலில் ஓர் அலையின் வேகத்துக்கும் அதன் நீளத்துக்கும் மாறாத உறவு உண்டு: 6 நாட் வேகத்தில் செல்லும் அலை முகட்டிலிருந்து முகடு வரை சுமார் 6 மீட்டர் நீளமுடையது, 8 நாட்டில் அது கிட்டத்தட்ட 11 மீட்டர், 9.4 நாட்டில் 15 மீட்டர். ஆகவே 15 மீட்டர் படகு 6 நாட்டில் ஓடும்போது அதன் பக்கவாட்டில் இரண்டு அலைகளுக்கு மேல் இருக்கும், படகு அவற்றின் மேல் சமமாகப் படுத்திருக்கும். 9.4 நாட்டை நெருங்கும்போது ஒரே அலைதான்: ஒரு முகடு அணியத்தில், அடுத்த முகடு அமரத்தில் (பின்முனையில்), நடுவில் பள்ளம். இன்னும் வேகம் கூட்டினால் பின்முகடு படகை விட்டுப் பின்னால் போய்விடும். தாங்க அலை இல்லாத அமரம் கீழே அமர, படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயன்றுகொண்டே இருக்கும். நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் நாட்டில் கிடைக்கும். 1870களில் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துச் சோதித்து, வேகத்துக்கும் நீளத்துக்குமான இந்த உறவைக் கணக்காகக் கட்டிக் கொடுத்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

இதைக் காகிதத்தில் நம்ப வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். அமைதியான கடலில் முழு வேகத்தில் ஓடும்போது பக்கவாட்டில் குனிந்து, படகின் உடம்பில் உள்ள வர்ணக் கோட்டைப் பாருங்கள். நடுப்பகுதியில் தண்ணீர் தாழ்ந்து, வழக்கமாக மறைந்திருக்கும் அடிப்பூச்சு ஒரு சாண் அளவு வெளியே தெரிகிறது, பின்பக்கம் தண்ணீர் மீண்டும் ஏறி விளிம்பை நெருங்குகிறது என்றால், படகு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு திராட்டிலை (எஞ்சினுக்கு டீசலைக் கூட்டும் பிடியை) எவ்வளவு தள்ளினாலும் கூடுவது சத்தமும் புகையும்தான்.

இந்த எல்லைக்குக் கீழேயும் வேகத்துக்கான விலை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது, அதாவது வேகம் × வேகம் × வேகம். எல்லையை நெருங்க நெருங்க அதைவிடவும் வேகமாக ஏறுகிறது. மேற்சொன்ன படகு 40 டன் எடையில், சுத்தமான அடிப்பகுதியுடன், அமைதியான கடலில் ஓடுவதாகக் கொண்டால், 7 நாட்டுக்கு ஏறத்தாழ 70 குதிரைத்திறன், 8 நாட்டுக்கு 110, 9 நாட்டுக்கு 155 தேவைப்படும். 10 நாட்டுக்கு மும்மடிக் கணக்கு 210 என்று காட்டும். ஆனால் அது அலை எல்லையைத் தாண்டிய வேகம் என்பதால் கடலில் அதைவிட வெகுவாக அதிகம் கேட்கும். இதனால்தான் 120 குதிரைத்திறனில் 8¼ நாட் ஓடிய படகு, 240இல் 16½ ஓடாமல் ஒன்பதரையிலேயே திணறி நிற்கும்.

எரிபொருளில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.2 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கும் இடம் 60 கடல் மைல் தொலைவில் இருந்தால், 8 நாட்டில் போக ஏழரை மணி நேரமும் சுமார் 165 லிட்டரும் ஆகும். 9 நாட்டில் 6 மணி 40 நிமிடமும் 205 லிட்டருக்கு மேலும் ஆகும். ஒரு வழிக்கு 50 நிமிடத்தை மிச்சப்படுத்த 40 லிட்டர் கொடுக்கிறோம். சந்தை திறக்கும் நேரத்துக்கு முன் மீனை இறக்கினால்தான் விலை கிடைக்கும் என்ற நிலையில் அந்த 50 நிமிடத்துக்கு மதிப்பு இருக்கலாம். போகும் வழியில் அதற்கு எந்த மதிப்பும் இருப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான படகுகள் போகும்போதுதான் அவசரப்படுகின்றன என்பது என் அனுபவம்.

இனி எடைக்கு வருவோம். நீரை ஒதுக்கி ஓடும் படகில் எடை கூடும்போது நடப்பது என்னவென்றால், படகு இன்னும் கொஞ்சம் ஆழமாக அமிழ்கிறது, நனையும் பரப்பு கூடுகிறது, எழுப்பும் அலை உயர்கிறது. எவ்வளவு அமிழும் என்பதைக் கணக்கிடுவது எளிது. நீர்க்கோட்டு மட்டத்தில் படகின் பரப்பு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி அதில் முக்கால் பங்கு என்று எடுத்தால் சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ அந்தப் பரப்புக்கு ஏறத்தாழ 0.58 டன் கடல்நீரை ஒதுக்க வேண்டும். ஆகவே 10 டன் சுமை ஏற்றினால் படகு சுமார் 17 சென்டிமீட்டர் அமிழும். அதே வேகத்தைத் தக்கவைக்கத் தேவையான திறன் எடையின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒட்டி ஏறுவதால், 40 டன் 50 டன் ஆகும்போது, அதாவது எடை கால் பங்கு கூடும்போது, திறன் தேவை சுமார் 16 சதவீதம் கூடும். எஞ்சின் அதே திறனைத்தான் தருகிறது என்றால் வேகம் 5 சதவீதம்தான் குறையும். 8¼ நாட் என்பது 7.9 ஆகும். எடையைக் குறைத்து வேகம் பெறலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இத்தகைய படகில் ஒரு டன்னைக் குறைத்தால் கிடைக்கும் வேகம் கடிகாரத்தில் தெரியாது. ஆனால் அந்த 16 சதவீதம் ஒவ்வொரு மணி நேரமும் டீசல் தொட்டியிலிருந்து போகிறது என்பதால் வருடக் கணக்கில் தெரியும். இரண்டு நாள் பயணத்துக்கு ஐந்து நாளுக்கான டீசலையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு அலைவதும், படகின் மூலைகளில் எப்போதோ போட்டு மறந்த பழைய கயிறு, சங்கிலி, பழுதான பாகங்களைக் கூடவே சுமப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நீரின் மேல் எழுந்து சறுக்கி ஓடும் சிறிய ஃபைபர் படகுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை நீர் தாங்குவது மிதப்பினால் மட்டும் அல்ல, வேகத்தினாலும்தான். அங்கே வேகம், ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ எடை என்பதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறுகிறது. 2 டன் படகில் 400 கிலோ கூடினால் வேகத்தில் 9 சதவீதம் போய்விடும். அதுகூடப் பெரிதல்ல. நீரிலிருந்து எழும்புவதற்கு முன் தாண்ட வேண்டிய ஒரு மேடு போன்ற எதிர்ப்பு உண்டு. வெறும் படகாக அதைச் சுலபமாகத் தாண்டும் எஞ்சின், மீனும் நனைந்த வலையும் ஏறிய பிறகு அந்த மேட்டிலேயே மாட்டிக்கொள்ளும். அணியம் வானத்தைப் பார்க்க, அமரம் புதைய, முழுத் திராட்டிலில் பாதி வேகத்தில், இருமடங்கு எரிபொருளை எரித்துக்கொண்டு கரை திரும்பும் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு எடையே எல்லாம். அங்கே ஒவ்வொரு கிலோவையும் எண்ண வேண்டும். ஒரு வகைப் படகில் கற்ற பாடத்தை மற்ற வகைப் படகுக்கு எடுத்துச் செல்வதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு வாக்குவாதம் நடக்கிறது.

எடையால் நன்மையும் உண்டு. அலையை எதிர்த்து ஓடும்போது கனமான படகு தன் வேகத்தை அலைக்கு அலை இழப்பதில்லை. இலேசான படகு ஒவ்வொரு அலையிலும் முட்டி நின்று மீண்டும் புறப்பட வேண்டியிருக்கும். தளத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கும் கனமான படகின் அசைவு மென்மையானது. வேகத்துக்காக, படகு நிமிர்ந்து நிற்க அடியில் வைத்திருக்கும் அடிப்பாரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இழுவலை வேலையில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. 3 நாட்டில் இழுக்கும்போது படகின் உடம்பை நகர்த்த மட்டும் தேவைப்படும் திறன், மேற்சொன்ன மும்மடிக் கணக்கின்படி, 6 குதிரைத்திறன்கூட இல்லை. படகு 40 டன்னா 50 டன்னா என்பதால் அதில் ஒரு குதிரைத்திறன்தான் வேறுபடும். மீதி எல்லாத் திறனையும் விழுங்குவது வலையும், அதன் வாயை விரிக்கும் பலகைகளும், கம்பி வடமும்தான். வலையின் இழுவை 1.2 டன் என்று வைத்துக்கொண்டால், அதை 3 நாட்டில் நகர்த்தும் பயனுள்ள வேலை 25 குதிரைத்திறன்தான். ஆனால் மெதுவாக நகர்ந்தபடி பலமாகத் தள்ளும் நிலையில் சாதாரணப் புரொப்பெல்லர், தனக்குத் தரப்படும் திறனில் கால் பங்கைத்தான் பயனாக மாற்றும் என்பதால், எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குச் செல்லும் தண்டில் 100 குதிரைத்திறன் வேண்டியிருக்கும். வேகத்தை 3½ நாட்டுக்கு உயர்த்தினால் வலையின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறி 1.6 டன்னைத் தாண்டும், தண்டில் கேட்கும் திறன் 155ஐ நெருங்கும். அரை நாட்டுக்கு 55 குதிரைத்திறன். வேகமாக நீந்தும் மீனைப் பிடிக்க அந்த அரை நாட் தேவைப்படலாம், இறாலுக்குத் தேவையில்லை. எனவே இழுவலைப் படகுக்குப் பெரிய எஞ்சின் என்பது வீண் ஆசை அல்ல. ஆனால் அது வலையின் அளவையும் இழுக்கும் வேகத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டியது, கரையிலிருந்து ஓடும் வேகத்தை வைத்து அல்ல. செவுள் வலைக்கும், நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்கள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலுக்கும் இந்தக் காரணமே கிடையாது. அங்கே எஞ்சினின் வேலை போய்வருவதும், வலையை வாங்கும்போது மெதுவாகப் படகைப் பிடித்துக் கொடுப்பதும் மட்டுமே.

எஞ்சினுக்கும் நீருக்கும் நடுவில் நிற்பது புரொப்பெல்லர். எடையைப் பற்றியும் குதிரைத்திறனைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானதுதான் தண்டுக்கு வருகிறது. மீதி வெப்பமாகப் புகையிலும் குளிர்நீரிலும் போய்விடுகிறது. தண்டுக்கு வந்ததிலும் பாதியைத்தான் புரொப்பெல்லர், படகு சுமாரான வேகத்தில் ஓடும்போது, தள்ளுவிசையாக மாற்றுகிறது. முதல் இழப்பைப் படகு உரிமையாளர் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை ஓரளவு செய்ய முடியும்.

பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுவது, சிறியதை வேகமாகச் சுற்றுவதைவிட எப்போதும் அதிகமாகத் தள்ளும், குறிப்பாக வலை இழுக்கும்போது. நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றும் எஞ்சினுக்கு 3க்கு 1 கியர்பாக்ஸ் வைத்தால் தண்டு 600 முறை சுற்றும். 5க்கு 1 வைத்தால் 360 முறை. இரண்டாவதற்கு வெகுவாகப் பெரிய விட்டம் வேண்டும், அதற்கு அமரத்தில் இடம் வேண்டும், பெரிய கியர்பாக்ஸுக்கும் தடித்த தண்டுக்கும் செலவு செய்ய வேண்டும். இடம் இருக்கிறதென்றால், எஞ்சினில் கூடுதலாக 50 குதிரைத்திறன் வாங்கும் பணத்தை இங்கே போடுவதே மேல் என்பது என் கருத்து. புரொப்பெல்லரைச் சுற்றிக் குழாய் போன்ற வளையம் பொருத்தினால் மெதுவான இழுவையில் அதே எஞ்சினிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் இழுவிசை கிடைக்கும். வேகமாக ஓடும்போது அந்த வளையமே தடையாகத் தொடங்கும் என்பதால், இந்தப் படகைப் போல இரண்டு வேலையும் செய்யும் படகுக்கு அது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

புரொப்பெல்லரின் சாய்வு, அதாவது ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னேறும்படி வளைக்கப்பட்டிருக்கிறது என்பது, சைக்கிளின் பல்சக்கரம் போன்றது. ஓடுவதற்கு அதிகச் சாய்வு வேண்டும். மேட்டில் ஏறுவதைப் போன்ற இழுவைக்குக் குறைந்த சாய்வு வேண்டும். சாய்வை மாற்ற முடியாத புரொப்பெல்லரில் இரண்டில் ஒன்றுக்குத்தான் சரியாக அமைக்க முடியும். ஒரு படகில் இதை நேரடியாகப் பார்த்தேன். 1,500 சுற்றில் 120 குதிரைத்திறன் தந்த பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, 1,800 சுற்றில் 160 தரும் புதிய எஞ்சினை வைத்திருந்தார்கள். கியர்பாக்ஸும் புரொப்பெல்லரும் பழையவை. முழுத் திராட்டிலில் சுற்றுமானி 1,620ஐத் தாண்டவில்லை. புகைக்குழாயிலிருந்து தார் போன்ற கரும்புகை, வெளியேறும் புகையின் வெப்பம் எல்லைக்கு மேல். உரிமையாளர் எஞ்சினில் குறை என்று விற்றவரோடு சண்டைக்கு நின்றார். குறை எஞ்சினில் இல்லை. புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடியில் ஏறுகிறது. 1,500இல் 120ஐக் கேட்ட அதே புரொப்பெல்லர் 1,800இல் 207ஐக் கேட்கும். 160 மட்டுமே உள்ள எஞ்சின் நடுவழியில் மூச்சுத் திணறி நிற்கிறது, கொடுக்கப்படும் டீசல் முழுவதும் எரியக் காற்று போதாமல் கரியாக வெளியே போகிறது. சாய்வைக் குறைத்து மாற்றிய பிறகு அதே எஞ்சின் 1,800ஐத் தொட்டது, புகை வெளுத்தது. அந்த நிலையிலேயே இரண்டு பருவம் ஓட்டியிருந்தால் பிஸ்டனும் வால்வும் தீய்ந்து, உண்மையாகவே எஞ்சினில் குறை வந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. தேவைக்கு மிஞ்சிய எஞ்சினை வாங்கி, அதை எப்போதும் பாதிக்குக் கீழான சுமையிலேயே ஓட்டினால், சிலிண்டர் போதிய வெப்பத்துக்கு வராமல் கரி படிந்து, சுவர் வழுவழுப்பாகி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். எஞ்சின் வாங்கும்போது பெயர்ப்பலகையில் உள்ள குதிரைத்திறன் எந்தப் பயன்பாட்டுக்கான அளவு என்பதையும் கேட்க வேண்டும். ஒரே எஞ்சினைத் தொடர்ச்சியாக ஓடும் வேலைக்கு ஓர் அளவிலும், எப்போதாவது சிறிது நேரம் முழுவேகம் ஓடும் உல்லாசப் படகுக்கு அதைவிட மிகப் பெரிய அளவிலும் குறிப்பிடுவார்கள். நாள்முழுக்க வலை இழுக்கும் படகுக்கு முதல் அளவே உண்மையான அளவு.

இனி எடை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மேலே வேகத்தைப் பற்றிச் சொன்னவற்றில் தவறு செய்தால் பணம்தான் போகும். இதில் தவறு செய்தால் படகு கவிழும். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

சாயும் படகு தானாக நிமிர்வதற்குக் காரணம், சாய்ந்த பக்கத்தில் கூடுதலாக அமிழ்ந்த பகுதி மேல்நோக்கித் தள்ளுவது. அந்தத் தள்ளுவிசையின் கோடு படகின் நடுக்கோட்டை எந்தப் புள்ளியில் வெட்டுகிறதோ அதற்கும், படகின் மொத்த எடை குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளிக்கும் இடையே உள்ள உயரத்தை மெட்டாசென்டர் உயரம் என்பார்கள். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதியாகப் படகு நிமிரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நிமிராது. 1977இல் டோரெமோலினோஸில் கையெழுத்தான மீன்பிடிக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம், 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஒற்றைத்தளக் கப்பல்களுக்கு இது குறைந்தது 0.35 மீட்டர் இருக்க வேண்டும் என்று வைத்தது. சிறிய படகுக்கு அந்த எண் சட்டமாகப் பொருந்தாவிட்டாலும் ஒரு நல்ல அளவுகோல்.

50 டன் எடையில் இந்த உயரம் 0.6 மீட்டர் உள்ள படகை எடுத்துக்கொள்வோம். தளத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் உள்ள பூம் (சுமை தூக்கும் நீண்ட கம்பம்) முனையில் கப்பி தொங்குகிறது. ஒரு டன் மீனுள்ள வலைப்பையை அதன் வழியாகத் தூக்குகிறார்கள். பை தளத்தை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பிய அந்த நொடியிலேயே, படகைப் பொறுத்தவரை அந்த ஒரு டன் பூம் முனைக்குப் போய்விட்டது. தொங்கும் எடை எந்தப் புள்ளியிலிருந்து தொங்குகிறதோ அங்கேதான் வேலை செய்யும். 1 டன்னை 5 மீட்டரால் பெருக்கி 50 டன்னால் வகுத்தால் 0.10 மீட்டர், 0.6 உடனே 0.5 ஆகிவிட்டது. மீன் அறையில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு ஐஸ் உருகிய நீரும் மீனும் கலந்து தளும்பிக்கொண்டிருந்தால் அது இன்னொரு 0.18 மீட்டரைத் தின்னும். இத்தனைக்கும் அந்த நீர் எவ்வளவு ஆழம் என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. ஒரு சாண் நீரும் சாயும் பக்கமெல்லாம் ஓடிக் குவிந்து சாய்வைக் கூட்டும். அதே அறையின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புப் பலகை வைத்தால் அந்த 0.18 நான்கில் ஒன்றாக, அதாவது 0.05க்கும் கீழாகக் குறையும். படகுகளில் நான் கண்ட செலவுகளிலேயே இவ்வளவு குறைந்த பணத்துக்கு இவ்வளவு உயிர்க்காப்பு தரும் பொருள் அந்தப் பலகை. அதைக் கழற்றி வைத்துவிட்டு மீன் கொட்ட வசதியாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

பெரிய எஞ்சின் வந்தால் பெரிய வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) வரும், அதற்குப் பெரிய வலை வரும், வலையைச் சுற்றத் தளத்துக்கு மேலே உருளை வரும், அவற்றைத் தாங்கக் கனமான இரும்புச் சட்டம் வரும். எஞ்சின் அடியில் இருக்கிறது; கூட வந்தவை எல்லாம் மேலே இருக்கின்றன. வேகம் போதவில்லை என்று அடிப்பாரத்தையும் எடுத்துவிட்டால் எடையின் மையம் இரு பக்கத்திலிருந்தும் மேலே தள்ளப்படும். அடிப்பாரத்தை எடுக்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். இத்தோடு 17 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்த படகில் தளம் நீருக்கு அவ்வளவு அருகில் வந்துவிடுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; சாயும்போது தளத்தின் விளிம்பு நீரில் புகுந்துவிட்டால், அதற்குப் பிறகு நிமிர்த்தும் விசை வேகமாகக் குறையும்.

நிபுணரை அழைக்காமலேயே படகு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. துறைமுகத்தின் அமைதியான நீரில், கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஆட்கள் சேர்ந்து விளிம்பில் நடந்து படகை மெதுவாக ஆட்டிவிட வேண்டும். பிறகு எல்லோரும் அசையாமல் நிற்க, வலப்பக்கச் சாய்விலிருந்து இடம்போய் மீண்டும் வலப்பக்கம் வரும் நேரத்தைப் பத்து ஆட்டங்களுக்குக் கடிகாரத்தில் எடுத்து, பத்தால் வகுக்க வேண்டும். 5 மீட்டர் அகலப் படகு 5 நொடியில் ஒரு முழு ஆட்டம் முடித்தால் மெட்டாசென்டர் உயரம் ஏறத்தாழ 0.6 மீட்டர், 6¾ நொடி என்றால் 0.35, 8 நொடி ஆகிவிட்டால் 0.25 மட்டுமே. புதிய வின்ச் வைப்பதற்கு முன்னும் பின்னும், சுமையின்றியும் சுமையோடும் இந்த எண்ணை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படகு சாய்ந்த இடத்திலேயே ஒரு கணம் யோசித்துவிட்டுச் சோம்பலாக எழுகிறது, முன்புபோல் வெடுக்கென்று ஆடுவதில்லை, ஓட்டம் சுகமாக இருக்கிறது என்று ஆட்கள் சொன்னால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பின் சமநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான எஞ்சினும் டீசல் தொட்டியும் அமரத்தை ஒட்டி இருந்தால், தட்டையான பின்பலகை நீரில் புதைந்து, பின்னால் சுழல்நீரை இழுத்துக்கொண்டே வரும்; அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் போன்றது. ஐஸையும் நீரையும் முன்னறைக்கு மாற்றிப் பார்த்து, ஒரே சுற்றில் வேகம் எவ்வளவு மாறுகிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் பல படகுகளில் கால் நாட் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அணியம் தாழும் அளவுக்குப் போகக் கூடாது. பின்னாலிருந்து வரும் அலையில் படகு திசை மாறிப் புரளப் பார்க்கும்.

கேட்கப்பட்ட படகுக்கு நான் என்ன செய்வேன் என்றால், 240ஐ வாங்க மாட்டேன். தொடர்ச்சி வேலை அளவில் 160 முதல் 180 வரையிலான எஞ்சின், அமரத்தில் இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய விட்டம், அதற்கேற்ற கியர்பாக்ஸ், இழுவைக்கு ஏற்றபடி சாய்வைச் சற்றுக் குறைத்து அமைத்த புரொப்பெல்லர். இதனால் ஓட்டத்தில் 8½ நாட் வசதியாகக் கிடைக்கும், 3½ நாட்டில் இழுக்கவும் முடியும். புதிய எஞ்சின் பழையதைவிட எத்தனை கிலோ வேறுபடுகிறது என்பதை எழுதிக்கொண்டு, அதற்கேற்ப அடிப்பாரத்தின் இடத்தை மட்டும் மாற்றுவேன், அளவைக் குறைக்க மாட்டேன். பொருத்திய பிறகு, அடிப்பகுதியைச் சுத்தம் செய்து, முழுச் சுமையோடு, நீரோட்டத்தின் கணக்கு அடிபடுவதற்காக ஒரே கோட்டில் போயும் வந்தும், 1,000 சுற்றிலிருந்து நூறு நூறாக உயர்த்தி ஒவ்வொரு நிலையிலும் வேகத்தையும் ஒரு மணி நேர டீசல் அளவையும் குறித்துக்கொள்வேன். முழுத் திராட்டிலில் சுற்றுமானி எஞ்சினின் குறிப்பிட்ட சுற்றைத் தொடாவிட்டால், மீன்பிடிக்கக் கிளம்பாமல் படகை மீண்டும் கரையேற்றி, புரொப்பெல்லரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவேன். எல்லாம் சரியாக இருந்தால் அந்த எண்களின் அட்டவணையைச் சுக்கானுக்கு மேலே ஒட்டி வைப்பேன். மூன்று மாதம் கழித்து அதே சுற்றில் அரை நாட் குறைந்திருந்தால், எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் ஓர் ஆளை நீரில் இறக்கி அடியில் ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் பார்க்கச் சொல்வேன்.